தறையாணியும் மின்வில்லும்: போர்க்காலக் கப்பற்றளங்களில் தொழிற்பயிற்சியின் வரலாறு

கைத்தொழில் வரலாற்றை எழுதியோர் இயந்திரங்களைக் கண்டுபிடித்தவர்களையும் அவற்றில் முதலிட்டவர்களையும் மறந்தாரல்லர். அவ்வியந்திரங்களைக் கையாளக் கற்றவர்கள் யாவர், எவரிடம் கற்றனர், எத்துணைக் காலத்திற் கற்றனர், கற்க விடாது தடுக்கப்பட்டோர் யாவர் என்னும் வினாக்களோ பெரும்பாலும் கேட்கப்படாமலே போயின. ஒரு சமுதாயத்தில் செல்வம் எவ்வாறு பங்கிடப்பட்டுள்ளது என்பதை ஆராய்வது போலவே, தொழிற்றிறன் எவ்வாறு பங்கிடப்பட்டுள்ளது என்பதையும் ஆராய்தல் வேண்டும். திறனுடையவன் கூலியைப் பற்றிப் பேரம் பேச வல்லவனாகிறான். அவ்வல்லமைக்கு எக்காலத்தும் வாயிற்காவலர் இருந்து வந்துள்ளனர்.

இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சிகளுள் ஒன்று 1940ஆம் ஆண்டுக்கும் 1945ஆம் ஆண்டுக்கும் இடையில் ஐக்கிய அமெரிக்காவின் கப்பல் கட்டுந் தளங்களில் நிகழ்ந்தது. பேச்சுவழக்கில் ‘வெல்டிங்’ எனப்படும் காய்ச்சியிணைத்தலையும், வாயுச் சுடரால் உலோகம் வெட்டுதலையும், அதுவரை இரும்பு வேலையை அறியாத பல்லாயிரக்கணக்கானோர் சில வாரங்களிற் கற்றனர். அவர்கள் கட்டிய கப்பல்கள் நேச நாடுகளின் வெற்றிக்குத் துணைநின்றன. ஆயின் போர் முடிந்ததும் அத்திறன் அவர்களுட் பெரும்பாலோருக்குப் பயன்படாது போயிற்று. கற்பித்தல் எவ்வாறு இயன்றது, கற்றவர் கையில் அத்திறன் ஏன் நிலைக்கவில்லை என்னும் இரு வினாக்களையும் இணைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொழினுட்பப் பின்னணி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து இரும்பாலும் உருக்காலும் ஆன கப்பல்கள் தறையாணிகளாற் பிணைக்கப்பட்டன. தறைதல் ஒருவர் தனித்துச் செய்யும் வேலையன்று. ஒருவர் உலையில் ஆணியைப் பழுக்கக் காய்ச்சுவார். மற்றொருவர் அதனைப் பெற்றுத் துளையிற் செருகுவார். வேறொருவர் பின்புறத்தில் அழுத்திப் பிடிப்பார். நான்காமவர் முன்புறத்தில் அடித்துத் தலையமைப்பார். இக்குழுவில் ஒருவராவதற்கு ஆண்டுக்கணக்கில் பயிலவேண்டியிருந்தது. மகன் தந்தையிடமும் மருமகன் மாமனிடமும் கற்பது வழக்கம். இதனால் தொழில் ஒரு குடும்ப உடைமையாகவும், பின்னர் தொழிற்சங்கத்தின் உடைமையாகவும் அமைந்தது.

இந்நிலையைக் குலைத்தவை இரண்டு கண்டுபிடிப்புக்கள். முதலாவது அசற்றலீன் வாயு. எட்மண்ட் டேவி என்பார் 1836இல் இவ்வாயுவைக் கண்டறிந்தாராயினும், 1892இல் மின்னுலை மூலம் கல்சியங் காபைட்டு மலிவாகக் கிடைக்கத் தொடங்கிய பின்னரே அது தொழிலுக்குப் பயன்படலாயிற்று. 1895இல் பிரெஞ்சு அறிஞர் லெ சற்றலியே அசற்றலீனை ஒட்சிசனுடன் எரித்தால் 3,000 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பம் பெறலாமெனக் காட்டினார். இச்சுடரே உலோகம் வெட்டுங் கருவிக்கும் அடிப்படையாயிற்று. இரண்டாவது மின்வில். உருசியாவில் பெனார்டோசும் ஸ்லாவியானோவும் 1880களில் மின்வில்லால் உலோகத்தை உருக்கி இணைக்கும் முறைகளை வகுத்தனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவீடனைச் சேர்ந்த ஒஸ்கார் செல்பெர்க் மின்வாய்க் கம்பிக்குப் பூச்சிடும் முறையை அறிமுகஞ் செய்தார். பூச்சு எரியும்போது எழும் வாயுவும், உருகிப் படியும் கசடும், உருகிய உலோகத்தைக் காற்றிலுள்ள ஒட்சிசனிலிருந்தும் நைதரசனிலிருந்தும் காத்தன. இதன் பின்னரே இணைப்பு நம்பத்தக்கதாயிற்று.

1917இல் ஐக்கிய அமெரிக்கா போரில் இறங்கியபொழுது, அந்நாட்டுத் துறைமுகங்களில் தங்கியிருந்த ஜேர்மன் கப்பல்களின் இயந்திரங்களை அவற்றின் மாலுமிகளே உடைத்துவிட்டிருந்தனர். புதிய உருளைகளை வார்க்கக் காலமில்லாமையால் உடைந்தவை காய்ச்சியிணைக்கப்பட்டன, கப்பல்களும் கடலோடின. 1919இல் அமெரிக்கக் காய்ச்சியிணைப்புச் சங்கம் நிறுவப்பட்டது. 1920இல் இங்கிலாந்தின் பேர்க்கன்ஹெட்டில், தறையாணியின்றி முழுவதும் காய்ச்சியிணைக்கப்பட்ட ‘புல்லகர்’ என்னும் கடற்கப்பல் நீரிலிறக்கப்பட்டது. வேர்சாய் உடன்படிக்கையின் நிறைக்கட்டுப்பாட்டுக்கு உட்பட்டிருந்த ஜேர்மனி, நிறையைக் குறைக்கும் பொருட்டு 1931இல் நீரிலிறக்கிய ‘டொய்ச்லன்ட்’ போர்க்கப்பலில் இம்முறையைப் பரவலாகக் கையாண்டது. இவ்வாறாக 1940ஆம் ஆண்டளவில் தொழினுட்பம் ஆயத்தமாயிருந்தது. அதனைக் கையாளுவோரே போதியளவில் இருக்கவில்லை.

கற்பித்தல் ஒரு கலையாதல்

தொழிற்கல்விக்குக் கூட்டாட்சி அரசின் நிதியை வழங்கும் சிமித்–ஹியூஸ் சட்டம் 1917ஆம் ஆண்டு பெப்புருவரியில் நிறைவேறியது. அதே ஆண்டில் கப்பற்றளங்களுக்குப் பெருந்தொகையான தொழிலாளர் தேவைப்பட்டபோது, அவர்களைப் பயிற்றுவிக்கும் ஆசிரியர்களை ஆயத்தஞ் செய்யும் பணி சார்ல்ஸ் அலென் என்பாரிடம் ஒப்படைக்கப்பட்டது. தொழில் தெரிந்தவர் எல்லாரும் கற்பிக்கத் தெரிந்தவராகார் என்பதே அலென் கண்ட உண்மை. கற்போனின் மனத்தை ஆயத்தப்படுத்தல், புதியதை எடுத்துக்காட்டல், கற்போன் தானே செய்து பார்த்தல், செய்ததைச் சோதித்தல் என நான்கு படிகளை அவர் வகுத்தார். 1919இல் வெளிவந்த அவரது நூல் இம்முறையை விளக்குகின்றது.

இருபதாண்டுகளுக்குப் பின் இம்முறைக்கு மறுவாழ்வு கிடைத்தது. 1940 நடுப்பகுதியில் நாட்டின் தொழிற்பள்ளிகளில் பாதுகாப்புத் தொழில்களுக்கான குறுகியகாலப் பயிற்சி அரச செலவில் தொடங்கியது. அதே ஆண்டு ஓகத்தில் ‘கைத்தொழிலகத்துட் பயிற்சி’ என்னுந் திட்டம் அமைக்கப்பட்டது. மேற்பார்வையாளர் ஒருவர் பத்து மணித்தியாலங்களில் கற்பிக்கும் முறையைக் கற்றுக்கொள்ளும் வகையில் அதன் பாடம் வகுக்கப்பட்டது. 1945இல் அத்திட்டம் முடிவுற்றபோது பதினாறு இலட்சத்துக்கு மேற்பட்ட மேற்பார்வையாளர் அதன் சான்றிதழைப் பெற்றிருந்தனர். ‘கற்பவன் கற்கவில்லையாயின் ஆசிரியன் கற்பிக்கவில்லை’ என்பதே இத்திட்டத்தின் உயிர்நாடியான கருத்தாகும். திறமையைப் பிறப்போடு வந்த பேறாகக் கொள்ளும் பழைய நோக்கை இது தலைகீழாக்கியது.

றிச்மண்ட் தளங்கள்

பிரித்தானியாவின் வாணிபக் கப்பல்கள் ஜேர்மன் நீர்மூழ்கிகளால் இடையறாது அழிக்கப்பட்டு வந்த நிலையில், அந்நாடு 1940 டிசம்பரில் 60 சரக்குக் கப்பல்களுக்கு ஐக்கிய அமெரிக்காவிற் கட்டளை கொடுத்தது. அவற்றுட் பாதி, கலிபோர்ணியாவின் றிச்மண்ட் நகரில் புதிதாக அமைக்கப்பட்ட தளத்திற் கட்டப்பட்டது. அத்தளத்தோடு தொடர்புடைய ஹென்றி கைசர் அணைக்கட்டுக்களும் பாதைகளும் அமைத்துப் பெயர்பெற்றவர், கப்பற்றொழிலுக்குப் புதியவர். கப்பலின் மூல வரைபடம் இங்கிலாந்தின் சண்டர்லண்டிலிருந்து வந்தது. தறையாணித் தொழிலாளர் நிறைந்த இங்கிலாந்தில் அது தறையாணிக் கப்பலாக இருந்தது. அத்தகைய தொழிலாளர் அருகியிருந்த அமெரிக்கப் புதுத்தளங்களில் அதன் பெரும்பகுதி காய்ச்சியிணைக்கும் கப்பலாக மாற்றப்பட்டது.

இவ்வடிப்படையில் எழுந்தவையே ‘லிபர்ட்டி’ கப்பல்கள். முதலாவதான ‘பற்றிக் ஹென்றி’ 1941 செப்டெம்பர் 27இல் பால்ட்டிமோரில் நீரிலிறக்கப்பட்டது. போர் முடிவதற்குள் 2,710 கப்பல்கள் கட்டி முடிக்கப்பட்டன. தொடக்கத்தில் ஒரு கப்பலுக்கு ஏறத்தாழ 230 நாட்கள் தேவைப்பட்டன; பின்னர் சராசரி 42 நாட்களளவிற்குக் குறைந்தது. 1942 நவம்பரில் றிச்மண்டில் ‘றொபேட் ஈ. பியறி’ என்னுங் கப்பல், அடிமரம் இடப்பட்டதிலிருந்து 4 நாட்கள் 15 மணித்தியாலங்கள் 29 நிமிடங்களில் நீரிலிறக்கப்பட்டது. முன்கூட்டியே பெரும்பகுதிகள் ஆயத்தமாயிருந்த இவ்விளம்பர முயற்சி வழக்கமான வேலைக்கு அளவுகோலாகாது. எனினும் உற்பத்தி முறை எத்திசையிற் சென்றது என்பதை அது காட்டுகின்றது. 1940இல் சுமார் 24,000 மக்கள் வாழ்ந்த றிச்மண்ட் நகரின் குடித்தொகை சில ஆண்டுகளில் 90,000ஐத் தாண்டியது. லூசியானா, ரெக்சாஸ், ஆர்க்கன்சோ, ஒக்லகோமா ஆகிய மாநிலங்களிலிருந்து வெள்ளையரும் கறுப்பினத்தவருமாகிய வறிய நாட்டுப்புற மக்கள் அங்கு வந்து குவிந்தனர். நகரின் நான்கு தளங்களும் மொத்தம் 747 கப்பல்களைக் கட்டின.

பயிற்சியின் உள்ளடக்கம்

புதியவர் முதலிற் கற்க வேண்டியது மின்வில்லை எழுப்புதல். மின்வாய்க் கம்பியின் நுனியைத் தகட்டில் தீக்குச்சி உரசுவது போலத் தொட்டு உடனே சிறிது உயர்த்த வேண்டும். தாமதித்தால் கம்பி தகட்டோடு ஒட்டிக்கொள்ளும். மிகையாக உயர்த்தினால் வில் அணைந்துவிடும். அதன்பின் கம்பி எரிந்து குறுகக் குறுக, கை அதே இடைவெளியைப் பேணித் தாழ்ந்து செல்லவேண்டும். கருங்கண்ணாடியூடாகப் பார்ப்போனுக்கு உருகிய உலோகத்தின் சிறு குளமொன்றே தெரியும். அக்குளத்தின் அகலத்தையும் வடிவத்தையும் கொண்டு வேகத்தையும் சாய்வையும் நிதானிப்பதே இத்தொழிலின் உயிர்ப்பகுதியாகும். கண்காப்பின்றி ஒரு கணம் நோக்கினும் சில மணித்தியாலங்களின் பின் கண்ணில் மணல் விழுந்தாற் போன்ற நோவு தோன்றும். ஆதலின் முகமூடியும் தோற்கையுறையும் தோலாடையும் பாடத்தின் முதற்பகுதியாயின.

வாயுச் சுடரால் வெட்டுதலில் வேறொரு நுட்பம் உண்டு. உருக்கு அங்கே உருக்கப்படுவதில்லை, எரிக்கப்படுகிறது. முதலிற் சுடரால் விளிம்பைச் செம்மை ஒளிரக் காய்ச்சி, பின்னர் தூய ஒட்சிசன் தாரையைத் திறந்தால் இரும்பு எரிந்து ஒட்சைட்டாகும். ஒட்சைட்டு இரும்பினுங் குறைந்த வெப்பத்தில் உருகுவதால் தாரையின் விசையால் வெளியே தள்ளப்படும். கப்பற்றளத்தார் இவ்வேலையை ‘எரித்தல்’ என்றே வழங்கியமை அறிவியலுக்கும் பொருந்துவதாகும். வெட்டுமுகத்தில் விழும் கோடுகளைப் பார்த்தே ஆசிரியர் பிழையைக் கூறுவார். கோடுகள் பின்னோக்கி வளைந்தால் கை விரைந்தது. மேல்விளிம்பு உருகி உருண்டால் கை தயங்கியது.

இவற்றைச் சில வாரங்களிற் கற்பிக்க இயன்றமைக்குக் கற்பிக்கும் முறை மட்டும் காரணமன்று, வேலையே மாற்றியமைக்கப்பட்டது. தட்டையாகக் கிடக்கும் தகட்டில் இணைப்பது எளிது. நிலைக்குத்தில் இணைப்பது கடினம். தலைக்கு மேலே இணைப்பது மிகக் கடினம். உருகிய உலோகம் புவியீர்ப்பால் வீழ முற்படுவதே இதற்குக் காரணமாகும். ஆதலின் கப்பலின் பெரும்பகுதிகள் தரையிலேயே ஆக்கப்பட்டன. பாரந்தூக்கிகள் அவற்றைப் புரட்டிக் கொடுக்க, தொழிலாளர் பெரும்பாலும் கீழ்நோக்கியே இணைத்தனர். முதலில் தகடுகளை இடையிடையே பொருத்தும் ‘புள்ளியிணைப்பு’, பின்னர் தட்டை நிலை, தேறியவர்க்கு நிலைக்குத்து, மிகத் தேறியவர்க்கே தலைமேல் நிலை எனப் படிமுறை அமைந்தது. இணைத்த துண்டை வளைத்து, இணைப்பு வாய் பிளக்கின்றதா எனப் பார்ப்பது தேர்வாயிற்று.

பழைய கைவினைஞன் ஒரு கப்பலை அறிந்திருந்தான். புதிய தொழிலாளி ஓர் இணைப்பை அறிந்திருந்தான். இவ்வேறுபாட்டைப் பின்னர் கோட்பாட்டளவில் விளக்கியவர் ஹரி பிறேவர்மன். 1974இல் வெளிவந்த தமது நூலில், முதலாளித்துவ உற்பத்தி திறனைத் துண்டாடித் தொழிலாளியிடமிருந்து பறித்து முகாமையின் கையில் ஒப்படைக்கின்றது என அவர் வாதிட்டார். அவரே புறூக்ளின் கடற்படைத் தளத்தில் செப்புக் கம்மியராகப் பயின்றவர் என்பது மனங்கொள்ளத்தக்கது. றிச்மண்டின் அனுபவம் அவர் கூற்றை ஓரளவு உறுதிப்படுத்துகின்றது. ஆயின் அக்கூற்று உண்மையின் ஒரு பக்கமே. துண்டாடப்பட்ட திறனாயினும், வீட்டுவேலையையும் பருத்தித் தோட்டத்தையுமன்றி வேறு பிழைப்பறியாத ஒருவருக்கு அது புதியதொரு வாழ்வின் வாயிலாக இருந்தது. பழைய கைவினைஞன் இழந்ததையும் புதியவர் பெற்றதையும் ஒரே தராசில் வைத்தே மதிப்பிடல் வேண்டும்.

வாயிலில் நின்றோர்

இத்தளங்களிற் பெரும்பாலான காய்ச்சியிணைப்போர் கொதிகலன் தொழிலாளர் சங்கத்தின் ஆளுகைக்கு உட்பட்டனர். சங்க உறுப்பினரல்லாதார் வேலைபெற முடியாது என்பது ஒப்பந்தம். 1880இல் தோன்றிய அச்சங்கம் பெண்களை உறுப்பினராக ஏற்றதில்லை. ஆண்கள் படைக்குச் சென்று ஆட்பஞ்சம் முற்றிய 1942ஆம் ஆண்டிலேயே அது அக்கதவைத் திறந்தது. றிச்மண்டில் வேலையாட்களின் உச்சநிலையில் நான்கிலொரு பங்கிற்கு மேற்பட்டோர் பெண்கள். காய்ச்சியிணைப்போருள் அவர்களின் பங்கு அதனிலும் மிகுதியாயிருந்தது. தேர்ச்சி பெற்றவருக்கு மணித்தியாலத்திற்கு 1 டொலர் 20 சதம் என்ற கூலி இருபாலார்க்கும் பொதுவாயிற்று. 1943இல் தாய்மாரின் பொருட்டுக் குழந்தைக் காப்பகங்களும் அமைக்கப்பட்டன. பெண்ணின் உடலும் உள்ளமும் இத்தொழிலுக்கு ஒவ்வா என நெடுங்காலம் கூறப்பட்டு வந்த நியாயங்கள் தேவை வந்தபோது சில மாதங்களில் மறைந்தமை நோக்கத்தக்கது.

கறுப்பினத்தவர் நிலை இதனினும் சிக்கலானது. பாதுகாப்புத் தொழில்களில் இனப்பாகுபாட்டைத் தடைசெய்யும் ஆணையை 1941 யூன் 25இல் சனாதிபதி ரூஸ்வெல்ட் பிறப்பித்திருந்தார். சங்கமோ கறுப்பினத்தவரைத் தனியான ‘துணைக்கிளை’களில் மட்டும் சேர்த்தது. அவர்கள் சந்தா செலுத்தவேண்டும். சங்கத்தை ஆளுவதிலோ அவர்களுக்குப் பங்கில்லை. காப்புறுதி நலன்களும் குறைவு. சோசலிற்றோ நகரிலிருந்த ‘மறின்சிப்’ தளத்தின் காய்ச்சியிணைப்புத் தொழிலாளியும் பாடகருமான ஜோசப் ஜேம்ஸ் தலைமையில் கறுப்பினத் தொழிலாளர் 1943 இறுதியில் இத்துணைக்கிளைக்குச் சந்தா செலுத்த மறுத்தனர். வேலை நீக்கம் தொடர்ந்தது, வழக்கும் தொடர்ந்தது. 1944 டிசம்பர் இறுதியில் கலிபோர்ணிய உயர் நீதிமன்றம் வரலாற்றுச் சிறப்புமிக்க தீர்ப்பை வழங்கியது. வேலைவாய்ப்பு முழுவதையும் தன் கையில் வைத்திருக்கும் சங்கம் உறுப்புரிமையைத் தன் விருப்பப்படி மறுத்தல் இயலாது என்பதே அதன் சாரம். தீர்ப்பு வெளிவந்து ஈராண்டு கழியுமுன் அத்தளமே மூடப்பட்டது. நீதி வென்றது, அதனை அனுபவிக்கும் களம் மறைந்தது.

பிளந்த கப்பலும் பழி சுமந்தோரும்

1943 சனவரி 16ஆம் நாள் இரவு, ஒறிகன் மாநிலத்தின் போட்லன்ட் நகரில், கடற்சோதனையை முடித்து அமைதியான நீரில் கட்டப்பட்டிருந்த ‘ஸ்கெனெக்ரடி’ என்னும் புதிய எண்ணெய்க் கப்பல் பேரொலியுடன் நடுவே பிளந்தது. முதற்பழி காய்ச்சியிணைத்தோர் மீது விழுந்தது. சில வாரம் பயின்றோரின் கைவேலைக்கு இதுவே முடிவு என்றனர் பலர். தரங்குறைந்த இணைப்புக்கள் இருந்தமை உண்மையே. விரைவுக்குப் பரிசளித்த முறையில் அது வியப்பன்று.

ஆயின் ஆய்வுகள் வேறு காரணங்களையும் வெளிக்கொணர்ந்தன. அதே ஆண்டு மார்ச்சில் செனற்றர் ட்ரூமனின் விசாரணைக் குழு, தகடு வழங்கிய உருக்காலை ஒன்றில் சோதனை முடிவுகள் திரிக்கப்பட்டமையை அம்பலப்படுத்தியது. லிபர்ட்டி வகைக் கப்பல்களில் சரக்கறை வாயில்களின் சதுர மூலைகளில் தகைப்புக் குவிந்தமையும் காணப்பட்டது. கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கொன்ஸ்ரன்ஸ் ரிப்பர் என்னும் பெண் அறிஞர், அக்காலத்து உருக்கு குளிரில் தன் இயல்பு மாறி, வளையாது நொறுங்குவதை நிறுவினார். தறையாணிக் கப்பலில் ஒரு தகட்டில் எழும் வெடிப்பு அதன் விளிம்போடு நிற்கும். காய்ச்சியிணைத்த கப்பலோ ஒரே தகடு போன்றதாதலின் வெடிப்புத் தடையின்றி ஓடும். எனவே குறை கைகளில் மட்டும் இருக்கவில்லை. வரைபடத்திலும் உலோகத்திலும் இருந்தது. கையாற் செய்வோன் மீது முதலிற் பழி சுமத்துவதும், காரணத்தை ஆராய்ந்தறிவது பிந்துவதும் தொழில் வரலாற்றில் மீண்டும் மீண்டும் காணப்படும் நிகழ்ச்சியாகும்.

போரின் பின்

1945இல் போர் முடிந்தது, கட்டளைகள் நின்றன, 1946ஆம் ஆண்டளவில் றிச்மண்ட் தளங்கள் ஓய்ந்தன. இறுதியாகச் சேர்க்கப்பட்டோர் முதலில் நீக்கப்பட்டனர். அவ்வாறு இறுதியாகச் சேர்க்கப்பட்டோர் பெண்களும் கறுப்பினத்தவருமே. பொதுத் தொழிற்சாலைகளுக்கு வேண்டியவர் எல்லா நிலைகளிலும் இணைக்கவும், வரைபடம் வாசிக்கவும், பல உலோகங்களைக் கையாளவும் வல்ல முழுத்தொழிலாளர். கீழ்நோக்கி இணைக்க மட்டும் கற்றவர் அவ்வரிசையில் நிற்க முடியவில்லை. நின்றவரையும் பால், இனம் என்னும் பழைய தடைகள் மீண்டும் மறித்தன.

இதே வேளையில் 1944ஆம் ஆண்டின் படைவீரர் மறுவாழ்வுச் சட்டம் வேறொரு கூட்டத்தாருக்குக் கல்வியைத் திறந்துவிட்டது. அதன் கல்வியுதவியைப் பெற்ற ஏறத்தாழ 78 இலட்சம் பேருள் 22 இலட்சம் பேரே பல்கலைக்கழகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் சென்றனர்; எஞ்சிய 56 இலட்சம் பேரும் பிற பள்ளிகளிலும் தொழிற்களங்களிலும் பயிற்சி பெற்றனர். தொழிற்பயிற்சிக்கு நாட்டில் தேவை இல்லாது போகவில்லை என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன. அத்தேவைக்கு உரியோர் யாவர் என்பதே மாறியது.

2000ஆம் ஆண்டில் இப்பெண்களின் நினைவாக றிச்மண்டில் தேசிய வரலாற்றுப் பூங்கா ஒன்று நிறுவப்பட்டது. போர்க்காலப் பெண் தொழிலாளரின் பொதுக்குறியீடான ‘தறையாணிக்காரி றோசி’யின் பெயரையே அது தாங்கியுள்ளது. அவ்வூர்த் தளங்களிற் பெண்கள் கையாண்டது பெரும்பாலும் தறையாணிச் சுத்தியலன்று, மின்வாய்க் கம்பியே என்பதைப் பெயர் மறைத்துவிட்டது. நினைவுகூரும் வேளையிலும் அவர்கள் எதனைக் கற்றிருந்தனர் என்பது நுணுகி நோக்கப்படவில்லை போலும்.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து மூன்று உண்மைகள் பெறப்படுகின்றன. முதலாவது, திறனின் அருமை ஓரளவே இயற்கையானது; பேரளவு சமூகத்தால் ஆக்கப்பட்டது. கற்பிக்க வேண்டும் என்ற உறுதி எழுந்தபோது ஆண்டுக்கணக்கான பயிற்சியின் பெரும்பகுதி வாரக்கணக்காகச் சுருங்கியது. இரண்டாவது, சுருங்கிய பயிற்சிக்கு ஒரு விலையுண்டு. உற்பத்தியின் உடனடித் தேவைக்காக மட்டும் கொடுக்கப்படும் திறன், அத்தேவை நீங்கியதும் கற்றவரைக் கைவிடுகின்றது. மூன்றாவது, பயிற்சிக் கூடத்தின் கதவைத் திறப்பது மட்டும் போதாது. அதற்கு அப்பால் வேலைக்களத்தின் கதவும், சங்கத்தின் கதவும், மேற்படிகளுக்கான கதவும் திறந்திருத்தல் வேண்டும்.

தொழிற்கல்வியைப் பற்றிப் பேசும் திட்டங்கள் எத்தனை பேர் பயிற்றப்பட்டனர் என்ற எண்ணையே வெற்றியின் அளவாகக் கொள்வது வழக்கம். றிச்மண்டில் அவ்வெண் குறைவாக இருக்கவில்லை. கற்றதைக் கொண்டு ஐந்தாண்டின் பின்னும் தன் சோற்றைத் தேடிக்கொள்ளக் கற்றவனுக்கு இயன்றதா என்ற வினாவுக்கே அங்கு விடையில்லாது போயிற்று. எந்நாட்டில் எத்தொழிற்கூடம் அமைக்கப்படினும், அதன் வாயிலில் முதலில் எழுதப்பட வேண்டிய வினாவும் அதுவேயாகும்.